அரை மில்லிமீட்டரில் ஒரு நாதம்

கர்நாடகக் கடற்கரையில் சாக்ஸபோன் கோயில் வாத்தியமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பொருத்தமான மவுத்பீஸ் அமைவதற்குள் ஒரு கலைஞனின் பாதி வாழ்க்கை போய்விடுகிறது.

ஜனவரியில், மகர சங்கராந்தியை ஒட்டி, மங்களூர் கத்ரி மஞ்சுநாதர் கோயிலில் திருவிழா. தமிழ்நாட்டிலிருந்து முதல் முறையாக வருபவருக்கு வாசலிலேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. உள்ளேயிருந்து தவில் சத்தம் கேட்கிறது. அதற்கு மேலே ஒரு குழல் மோகனத்தை நீட்டி இழுக்கிறது. நாகஸ்வரம்தான் என்று காது முடிவு கட்டிவிடுகிறது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் சந்தேகம் வருகிறது. நாகஸ்வரத்தின் அந்தக் கூர்மை இல்லை. அடிக்குரலில் கொஞ்சம் கரகரப்பு, மேலே போகப் போக ஒரு குழைவு. பிராகாரத்தில் திரும்பினால், வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நிற்பவரின் கழுத்தில் பட்டை போட்டுத் தொங்குகிறது, கூஜாவின் மூக்கு போல வளைந்த ஒரு பித்தளை வாத்தியம்.

சாக்ஸபோன்! தமிழர்களுக்கு அது மேல்நாட்டு இரவு விடுதியிலும் சினிமாவின் காதல் சோகத்திலும் ஒலிக்கும் வாத்தியம். மங்களூர், உடுப்பி வட்டாரத்தில் அது கல்யாணத்துக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஊதும் மங்கள வாத்தியம். பூதங்களுக்கு நடக்கும் நேமங்களில்கூட, பாளை ஓலையும் சிலம்பும் கட்டி ஆடுகிறவருக்குப் பக்கத்தில் சாக்ஸபோன்காரர் நிற்கிறார். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இந்த ஊர் அப்படிப்பட்டது. துளு, கொங்கணி, கன்னடம், பியாரி என்று ஒரே தெருவில் நான்கு மொழி கேட்கும். கத்ரி கோயிலுக்குள்ளேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மூன்று முகமும் ஆறு கையும் கொண்ட லோகேசுவரர் வெண்கலச் சிலை. ஆளுப மன்னன் குந்தவர்மன் கி.பி. 968-ல் கதரிகா விகாரத்தில் அதை நிறுவியதாகப் பீடத்தில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. பௌத்தப் பெயர் கொண்ட மூர்த்தி சிவன் கோயிலில் பூஜை வாங்கிக்கொண்டிருக்கிறார். மேலே குன்றில் நாத சம்பிரதாயத்து ஜோகிகளின் மடம். வந்தவர்களை அனுப்பி வைக்காமல் வீட்டு மனிதர்களாக ஆக்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே புதிதல்ல. பெல்ஜியத்தில் பிறந்த ஒருவர் உருவாக்கிய வாத்தியம் எம்மாத்திரம்?

அதை வீட்டுப் பிள்ளை ஆக்கியவர் இந்தக் கத்ரியின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட கோபால்நாத். 1949-ல் தென் கன்னட மாவட்டத்தில் நாகஸ்வரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதில் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். பிறகு ஏறக்குறைய இருபது வருடம் அதோடு மல்லுக்கட்டினார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி தானும் சேர்ந்து வாசிக்க விரும்பினார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி.யின் புரொமனேட் கச்சேரி. அதே ஆண்டு கே. பாலசந்தரின் 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பிரபு ஊதுவதாக வந்த சாக்ஸபோன், தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்கும் அவருடைய ஒலியைக் கொண்டுபோனது. 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

அவர் விட்டுப்போனதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கர்நாடக இசையை சாக்ஸபோனில் வாசிக்க முடியும் என்ற நிரூபணம். இன்னொன்று, இந்தக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் துரத்திக்கொண்டிருக்கும் ஒரு ஒலி. முதலாவது வரம். இரண்டாவது வரமா, சுமையா என்பது அவரவர் வாயைப் பொறுத்தது.

வாய் என்பது இங்கே உவமை அல்ல. சாக்ஸபோனில் இருபதுக்கு மேற்பட்ட துளைகள். எல்லாவற்றின் மேலும் தோல் வைத்த மூடிகள். விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்துகிறது, மூடி விழுகிறது அல்லது எழுகிறது. நாகஸ்வரக்காரர் விரலைப் பாதி நகர்த்தித் துளையைக் கால்வாசி திறந்து ஸ்வரத்தை வழுக்கலாம். புல்லாங்குழலிலும் அப்படியே. சாக்ஸபோனில் அது நடக்காது. படிக்கட்டு உண்டு, சறுக்குமரம் கிடையாது. அப்படியென்றால் தோடியின் காந்தாரம் எங்கிருந்து வரும்? சஹானாவின் வளைவு எங்கிருந்து வரும்?

பெரும்பகுதி உதட்டிலிருந்தும் தாடையிலிருந்தும் தொண்டையிலிருந்தும்தான் வரவேண்டும். கீழ் உதட்டின் அழுத்தத்தைத் தளர்த்தினால் ஸ்வரம் இறங்குகிறது, இறுக்கினால் ஏறுகிறது. நாக்கின் பின்பகுதி எழும்பித் தாழ்வதும் சேர்ந்துகொள்கிறது. விரல் படிக்கட்டில் தாவும் அதே கணத்தில் வாய் அந்தத் தாவலை மழுப்பி வளைவாக்குகிறது. கமகம் என்பது இந்த வாத்தியத்தில் விரலும் வாயும் சேர்ந்து செய்யும் கண்கட்டு வித்தை. அந்த வித்தை பலிக்குமா பலிக்காதா என்பதை முடிவு செய்வது, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புத் துண்டு. அதுதான் மவுத்பீஸ்.

பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. அலகு போல நுனி சரிந்த குழாய். அடியில் ஒரு சன்னல், சன்னலுக்குப் பின்னால் ஒரு சமதளம். சமதளத்தில் நாணல் ரீடை வைத்து, லிகேச்சர் என்ற பட்டையால் இறுக்குகிறார்கள். ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. ஊதும்போது ரீடு அந்த இடைவெளியில் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அடைத்துத் திறக்கிறது. ஒலி பிறக்கும் இடம் அதுதான். பித்தளையும் சாவிகளும் வளைந்த உடம்பும் அதற்குப் பின்னால் வருகிற வேலைக்காரர்கள்.

அந்த இடைவெளியின் அளவைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு பிரான்சின் செல்மர் நிறுவனம் செய்யும் சி-ஸ்டார் என்ற புகழ்பெற்ற மவுத்பீஸில் அது 1.70 மில்லிமீட்டர். டி என்ற அளவில் 1.80. ஜாஸ்காரர்கள் விரும்பும் மேயர் 6-ல் ஏறக்குறைய 1.9. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால் வாசிப்பவருக்கு வேறு வாத்தியமே கைக்கு வந்ததுபோல் இருக்கும். அரை மில்லிமீட்டர் கூடினால் பலருக்கு மூச்சே வராது.

இடைவெளி குறுகலாக இருந்தால் ஸ்வரம் இருந்த இடத்தில் நிற்கும். மேல்நாட்டு சாஸ்திரிய இசைக்காரருக்கு அது தேவை. கமகம் வேண்டியவருக்கோ அது சிறை. உதட்டை எவ்வளவு தளர்த்தினாலும் ஸ்வரம் அசைய மறுக்கும். இடைவெளியை அகலமாக்கி மெல்லிய ரீடைப் போட்டால் ஸ்வரம் ரப்பராக வளையும். ஆனால் வளைய வேண்டாத இடத்திலும் வளையும். பஞ்சமத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது சுருதி ஆடினால் தம்புரா காட்டிக்கொடுத்துவிடும். நிற்கவும் வேண்டும், வளையவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் தனக்கான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேடல். வெளிநாட்டு நிறுவனங்களின் அளவுப் பட்டியலில் 'கர்நாடக சங்கீதம்' என்று ஒரு வரிசை கிடையாது. ஜாஸ் உண்டு, சாஸ்திரியம் உண்டு, ராக் உண்டு. மங்களூர்க்காரர் எதை வாங்கினாலும் வேறு யாருக்கோ தைத்த சட்டையைத்தான் வாங்குகிறார்.

இடைவெளி ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. உள்ளே கூரை போல ஒரு பகுதி, அதன் பெயர் பேஃபிள். அது உயர்ந்து ரீடுக்கு நெருக்கமாக இருந்தால் காற்று வேகமாகப் பாய்ந்து ஒலி பளிச்சென்று வெட்டும். தாழ்ந்து குழிந்திருந்தால் ஒலி கனிந்து இருண்டிருக்கும். அதற்குப் பின்னால் சேம்பர் என்கிற அறை. அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிசில் காப்புரிமை பெற்ற காலத்தில் அவருடைய மவுத்பீஸின் அறை பெரிதாக, உருண்டையாக இருந்தது. அதனால் ஒலி மெத்தென்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நடன அரங்குகளில் டிரம்பெட்டோடும் டிரம்சோடும் போட்டிபோட வேண்டிவந்தபோது அறை சுருங்கியது, கூரை உயர்ந்தது, ஒலி கூர்மையானது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை அந்தப் போட்டியின் வாரிசுகள்.

அறையின் அளவு ஒலியின் நிறத்தோடு நிற்பதில்லை, சுருதியையும் தொடுகிறது. நாகஸ்வரம் போலவே சாக்ஸபோனும் கூம்புக் குழல். அதனால்தான் அழுத்தி ஊதும்போது இரண்டிலும் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கிடைக்கிறது. உருளைக் குழலான கிளாரினெட்டில் இப்படிக் கிடைக்காது. ஆனால் கூம்பின் கூர் நுனியை வெட்டி எறிந்த இடத்தில்தான் மவுத்பீஸ் உட்காருகிறது. வெட்டிய நுனிக்குள் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுக்கு மவுத்பீஸ் ஈடுகொடுக்க வேண்டும். கூடக் குறையப் போனால் மந்திர ஸ்தாயி ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒன்றோடொன்று பேசாது. மேல்நாட்டுப் பாண்டு வாத்தியத்தில் இதை மறைத்துவிடலாம். ஒரே ஷட்ஜத்தைத் தம்புரா இரண்டரை மணி நேரம் மீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் மறைக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுருதி சேர்க்க ஒரே வழி, கழுத்துக் குழாயில் சுற்றிய கார்க்கின் மேல் மவுத்பீஸை உள்ளே தள்ளுவதோ வெளியே இழுப்பதோதான். கொஞ்சம் நகர்த்தினால் மொத்த சுருதியும் நகரும். அளவு மீறி நகர்த்தினால் குறுகிய குழல் ஸ்வரங்கள் அதிகமாகவும் நீண்ட குழல் ஸ்வரங்கள் குறைவாகவும் நகர்ந்து வாத்தியம் தனக்குள்ளேயே சண்டை போடும். ஆல்டோவில் மேல்நாட்டார் 'சி' என்று எழுதும் விரலமைப்பை ஷட்ஜமாக வைத்தால் வருவது இரண்டரைக் கட்டை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திமிரியை விட்டு நீளமான பாரி நாகஸ்வரத்துக்கு மாறியபோது தேடிய கனத்துக்கு இது அண்டை வீடு. ஒரு மகாவித்வான் தன் ஒலிக்காக வாத்தியத்தின் நீளத்தையே மாற்றச் சொன்னார். நரசிங்கம்பேட்டை ஆசாரி கடைந்து கொடுத்தார். சாக்ஸபோன்காரருக்கு அந்த வசதி இல்லை. உடம்பு தொழிற்சாலையில் வார்த்தது. மாற்றக்கூடியது வாய் ஒன்றுதான்.

மங்களூரில் இந்தத் தேடல் கச்சேரி மேடைக்காக மட்டும் என்றால் எளிது. ஆனால் இங்கே ஒரே கலைஞர் காலையில் கல்யாண மண்டபம், மாலையில் கோயில் ஊர்வலம், எப்போதாவது சபா மேடை என்று ஓடுகிறார். ஊர்வலத்தில் வெட்டவெளி, தவில், வெடிச் சத்தம். அங்கே கனிந்த ஒலி காற்றில் கரைந்துவிடும். கூரை உயர்ந்த மவுத்பீஸ் வேண்டும். அதையே எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் மைக் முன்னால் நின்றால் முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கச்சேரியிலோ பக்கத்தில் வயலின். கோபால்நாத்துடன் நெடுங்காலம் வாசித்த ஏ. கன்யாகுமரியின் வயலினும் அவருடைய சாக்ஸபோனும் ஒன்றையொன்று விழுங்காமல் உரையாடியதைக் கேட்டவர்கள் அந்த அளவின் அருமையை அறிவார்கள்.

வாத்தியக்கார வீட்டுப் பையன்களுக்குத் தனிப் பிரச்சினை. நாகஸ்வரத்தில் சீவாளியை இரண்டு உதடுகளும் கவ்வுகின்றன, பல் படாது. சாக்ஸபோனில் வழக்கமான முறை, மேல் பற்களை மவுத்பீஸின் மேல் ஊன்றி, கீழ் உதட்டைக் கீழ்ப் பற்களின் மேல் மடித்து ரீடைத் தாங்குவது. அப்பாவிடம் சீவாளியில் பழகிய உதடு இங்கே வந்ததும் தடுமாறும். பயத்தில் கடிக்கும். கடித்தால் ஸ்வரம் ஏறும், ஒலி நசுங்கும், உள் உதட்டில் புண் வரும். அதற்கு மருந்தாகப் பலர் மவுத்பீஸை மாற்றுகிறார்கள். பல சமயம் மாற வேண்டியது மவுத்பீஸ் அல்ல, தாடை. இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல குரு வேண்டும். கடைக்காரர் சொல்ல மாட்டார்.

கடை என்று எடுத்துக்கொண்டால் வழிகள் பல. பழைய கைகளில் மீரட்டில் செய்த சாக்ஸபோன்கள் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் அந்த ஊர்தான் நாட்டின் பாண்டு வாத்தியங்களுக்குத் தாய்வீடு. பம்பாயில் தோபி தலாவ் வட்டாரத்து இசைக்கருவிக் கடைகள், கல்கத்தாவில் லால்பஜார் கடைகள். இப்போது சீனத்து வாத்தியங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமாவோ மைத்துனரோ விடுமுறைக்கு வரும்போது வாங்கி வருவதும் உண்டு. கடற்கரையில் அப்படி ஒரு உறவினர் இல்லாத வீடு குறைவு. மலிவு சாக்ஸபோனோடு பெட்டிக்குள்ளேயே வரும் மவுத்பீஸ் பெரும்பாலும் பெயருக்கு ஒன்று. யமஹாவின் மாணவர் வாத்தியத்தோடு வரும் 4சி விதிவிலக்கு. பிளாஸ்டிக்தான் என்றாலும் ஒழுங்காகச் செய்தது, சுருதி நிற்கும். ஆரம்பப் பாடத்துக்கு அதைவிட விலை கூடியதை வாங்குவது வீண் செலவு.

ஐந்தாறு வருடம் கழித்து ஆசை தொடங்குகிறது. செல்மரா, மேயரா, வான்டோரனா? கறுப்பு எபொனைட்டா, பளபளக்கும் உலோகமா? உலோகம் என்றால் ஒலி பளீரென்று இருக்கும், எபொனைட் என்றால் கனிவு என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. உண்மையில் ஒலியைத் தீர்மானிப்பதில் உட்புறத்தின் வடிவத்துக்குத்தான் பெரும்பங்கு. பொருளுக்குப் பங்கு மிகக் குறைவு. ஓட்டோ லிங்க் என்ற உலோக மவுத்பீஸில் இருண்ட, அகன்ற ஒலி எழுப்பிய டெனர் கலைஞர்கள் ஜாஸ் வரலாறு நெடுக இருக்கிறார்கள். உலோகம் மெலிந்திருப்பதால் வாயைக் குறைவாகத் திறந்தால் போதும் என்பதுதான் உணரக்கூடிய வித்தியாசம். ஆனால் ஊர்வலத்தில் பொன்னிறமாக மின்னுவது மதிப்பு என்று நினைப்பவரிடம் இதைப் பேசிப் பயனில்லை.

தேடலில் மங்களூர்க்காரர் தனி ஆள் அல்ல என்பதுதான் ஆறுதல். ஜான் கோல்ட்ரேன் ஓயாமல் மவுத்பீஸ் மாற்றியவர், சீர் செய்யக் கொடுத்துக்கொண்டே இருந்தவர். எதிர்முனையில் சார்லி பார்க்கர். 1953-ல் டொராண்டோவின் மாசி ஹாலில் பிளாஸ்டிக்கில் செய்த ஆல்டோவில் வாசித்தார். கேட்டவர்களுக்குப் பார்க்கர்தான் கேட்டார், பிளாஸ்டிக் கேட்கவில்லை. வாசிப்பவருக்குத் தன் ஒலி பற்கள் வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் போய்ச் சேருகிறது. அவர் உணரும் மாற்றத்தில் பாதி இருபதடி தள்ளி உட்கார்ந்திருப்பவரை எட்டுவதே இல்லை. விவரமானவர்கள் இதனால் புதிய மவுத்பீஸை வாங்குமுன் யாரையாவது எதிரே உட்கார வைக்கிறார்கள் அல்லது செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேட்கிறார்கள். அன்றே கேட்டால் ஆசை தீர்ப்பு எழுதிவிடும்.

சோதிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கடையில் எடுத்ததும் வேகமாகப் பிருகாக்களை அள்ளி வீசுவது இளைஞர்களின் வழக்கம். அதில் எந்த மவுத்பீஸும் நன்றாகத்தான் இருக்கும். மந்திர பஞ்சமத்தில் மெதுவாக, கிசுகிசுப்பாக ஆரம்பிக்க முடிகிறதா? தார ஷட்ஜத்தில் கிறீச்சிடாமல் நிற்கிறதா? ஹம்சத்வனியில் எல்லாம் சரியாக இருந்தது தோடியில் என்ன ஆகிறது? காந்தாரத்தை அசைக்கும்போது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே தடுக்கி விழாமல் போய்வருகிறதா? இதற்கு மேல் ஒரு மணி நேரம் வாசித்த பிறகும் உதடு உயிரோடு இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் தொழில்காரரின் கேள்வி. அகன்ற மவுத்பீஸில் முதல் பத்து நிமிடம் சொர்க்கம். இரவு முழுக்க நடக்கும் உற்சவத்தில் நள்ளிரவுக்கு மேல் கன்னத் தசை கைவிட்டுவிடும். விடியற்காலையில் சுவாமி கோயிலுக்குள் திரும்பும்போதுதான் ஊரே கூடியிருக்கும்.

பணமும் சும்மா இல்லை. நல்ல வெளிநாட்டு மவுத்பீஸ் பல ஆயிரம் ரூபாய். ஒன்று வாங்கிச் சரிப்படவில்லை என்றால் இன்னொன்று. கல்யாண வீட்டில் கிடைக்கும் சன்மானத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு, மனைவியிடம் இதை விளக்குவது தோடி ஆலாபனையைவிடக் கடினம். மலிவாக முடிக்க நினைத்து, இருப்பதையே உப்புத்தாளில் தேய்த்து நுனியை அகலப்படுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. கை தேர்ந்த நிபுணர் இதைக் கண்ணாடிப் பலகையின் மேல், மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துச் சோதித்துச் சோதித்துச் செய்வார். இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே வளைவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை அதிகம் தேய்ந்தாலும் ரீடு சாய்ந்து அடைத்து வாத்தியம் வாத்து போலக் கத்தும். அப்படிக் கெட்டதைத் திருப்பிக் கொண்டுவருவது எளிதல்ல, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

பணத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. கோபால்நாத்தின் ஒலியை அப்படியே எடுத்துவிட வேண்டும் என்ற வெறி. அவர் வைத்திருந்த மாதிரி வாத்தியம், அவர் பிடித்த மாதிரிப் பிடி, அவர் வாசித்த வரிசையில் கீர்த்தனைகள். கல்யாண வீட்டார் கேட்பதும் அதைத்தான். 'டூயட்' பாட்டு இல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் ஒருவரின் ஒலி அவருடைய வாயின் குழிவு, பல்வரிசை, உதட்டின் தடிமன், தொண்டை எல்லாம் சேர்ந்தது. அதே மவுத்பீஸை இன்னொரு வாயில் வைத்தால் இன்னொரு ஒலிதான் வரும். இது தெரியாமல் பத்து வருடம் ஓடியவர்கள் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டவர்கள் வேறு வழி போனார்கள். அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, கோபால்நாத்தைத் தேடி வந்து சேர்ந்து வாசித்தார். 2008-ல் வெளியான அவர்களின் 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் இரண்டு ஆல்டோக்கள். ஒரே இன வாத்தியம், ஒரே ராகங்களின் பக்கத்தில் நிற்கின்றன. ஆனாலும் எந்தக் கணத்திலும் யார் ஊதுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

மவுத்பீஸ் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ரீடை மறந்தால் பாவம். தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளையும் நாணல்தான் உலகின் சாக்ஸபோன்களுக்குச் சீவாளி. காவிரிக்கரைக் கொறுக்கைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். ஒரே பெட்டியில் பத்து ரீடு இருந்தால் மூன்று நன்றாக இருக்கும், நான்கு சுமார், மிச்சம் குப்பை. அகன்ற மவுத்பீஸுக்கு மெல்லிய ரீடு, குறுகியதற்குத் தடித்தது என்பது பொது விதி. மவுத்பீஸ் சரியில்லை என்று வரும் புகார்களில் பாதி, எண் பொருந்தாத ரீடின் மேல் போட வேண்டிய புகார்.

அதிலும் மங்களூர் மழை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டுகிற ஊர். பாசல் மிஷன் 1865-ல் இங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்கு இந்த மண் மட்டுமல்ல, இந்த மழையும் காரணம்தான் என்று தோன்றும். ஜூனில் ரீடு ஊறிக் கனத்துப்போகும். மூடித் தோல்கள் உப்பும். பெட்டிக்குள் பூஞ்சை பூக்கும். மவுத்பீஸுக்கு வேறு கண்டம். எபொனைட் என்பது கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். வெயிலில் கிடந்தால் கறுப்பு போய்ப் பச்சையடிக்கும், வாயில் கந்தக வாடை வரும். கொதிக்கும் நீரில் கழுவினாலும் அதே கதி. பூஞ்சைக்குப் பயந்து வெயிலில் காய வைத்துப் பச்சையாக்கிய மவுத்பீஸ்கள் இந்தக் கடற்கரையில் பல வீடுகளில் இருக்கும். வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி, நிழல். அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

ஆனால் இந்த மழைக்காலம்தான் தேடலின் காலமும். துளு மாதக் கணக்கில் பேஷ பத்தாம் நாள், அதாவது மே 24-ஐ ஒட்டி, பட்டனாஜே வருகிறது. அன்றோடு கோயில் உற்சவங்கள், நேமங்கள், யக்ஷகானக் குழுக்களின் சுற்றுப்பயணம் எல்லாம் நிற்கின்றன. பிறகு ஆட்டி மாதம். தமிழர்களின் ஆடிபோல சுபகாரியம் இல்லாத மாதம். தீபாவளி வரை வாத்தியக்காரருக்கு வேலை மெலிவு. ஓட்டுக் கூரையில் மழை அடிக்க, திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து புது மவுத்பீஸைப் பழக்கப்படுத்துகிறார்கள். முதல் நாள் பிடித்தது பத்தாம் நாள் பிடிக்காமல் போகும். மூன்றாம் வாரம் மீண்டும் பிடிக்கும். அதற்குள் வாய் அதற்கேற்ப மாறிவிட்டதா, அது வாய்க்கு ஏற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலை வரும். அந்த நிலையில் தேடலை நிறுத்திக்கொள்பவர்கள் மீதி நேரத்தைத் தோடியில் செலவிடுகிறார்கள். நிறுத்தாதவர்கள் அடுத்த விடுமுறைக்கு வரப்போகும் மைத்துனருக்கு துபாய்க்கு போன் போடுகிறார்கள்.